கோஸ் பாத்தியில் முனி

லோகேஸ்வரியிடம் யாரும் ‘முடியாது’ என்று மட்டும் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டால், அதைச் செய்து பார்க்கிறவரை அவளுக்குச் சோறு இறங்காது. மலேசியாவில், ஈஜோக்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் அந்தத் தொழிலாளர் லயத்தில் இது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போன வருஷம் வாயைக் கொடுத்தார்கள்.

மகள் நித்தியா ரவாங்கில் ஒரு பெரிய கடையில் வேலை செய்கிறாள். அவள்தான் அந்த விதைப் பாக்கெட்டைக் கொண்டுவந்தாள். அட்டைப் படத்தில் ஒரே ஒரு தண்டு, தண்டு முழுக்கக் கோலிக்குண்டு அளவுக்குக் குட்டிக் குட்டிக் கோஸ். பிரஸல்ஸ் ஸ்பிரவுட்ஸ் என்று பெயர். குளிர் நாட்டுக் காய், நம் வெயிலில் முடியாது என்று பக்கத்து வீடு சொன்னது, எதிர் வீடு சொன்னது, ரொட்டி விற்க வருகிற பாய்கூட மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். லோகேஸ்வரி நட்டாள். செடி இடுப்பளவு வளர்ந்தது. இலை முறத்தளவு விரிந்தது. குண்டு மட்டும் ஒன்றுகூட வைக்கவில்லை. அவளும் விடவில்லை, அத்தனை இலையையும் தேங்காய் போட்டுப் பொரியல் செய்து வீட்டிலுள்ளவர்களைத் தின்ன வைத்தாள். அதற்குப் பிறகு, கோஸ் விளைகிற குளிர்மலையான கேமரன் மலையை வைத்து, லயத்தில் அவளுக்குக் ‘கேமரன்’ என்று பெயர். “கேமரன், இன்னிக்கு மலையில மழையா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

அவள் திருப்பிச் சிரிக்கிற ஆளில்லை. கோலா சிலாங்கூரில் விதைக்கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கேயிடம் போய் நின்றாள். வெயில் தாங்குகிற கோஸ் ஒன்று இருக்கிறது, பெரிய கோஸ், மலை ஏறாமல் கீழ் நிலத்திலேயே உருண்டை பிடிக்கும் என்று அவர் சொன்னார். வாங்கி வந்தாள்.

நிலம் என்று சொன்னால் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ளாதீர்கள். லயத்துக்குப் பின்னால், கால்வாய்க்கும் செம்பனைக்கும் நடுவில் கிடந்த ஒரு துண்டு. முன்னெல்லாம் ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே ஒரு காய்கறித் தோட்டம் உண்டு. ஆட்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனதும் எல்லாவற்றையும் லாலான் புல் மூடிவிட்டது. லோகேஸ்வரி ஒருத்தியாக அந்தப் புல்லை வெட்டி, வேரைக் கிளறி எடுத்து, பாத்தி கட்டினாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் ஊரார் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டே அவள் வயசு போய்விட்டது. வீட்டில் கணவனுக்கும் மகளுக்கும் ஆக்கிப்போட்டது தனி. அவளுக்கென்று, அவளாக ஆசைப்பட்டுக் கை வைத்தது இந்த ஒரு துண்டு நிலத்தில்தான். அதனால்தான் அதன் மேல் அத்தனை வெறி.

நாற்றை நட்ட அன்றே மைனாக்கள் வந்துவிட்டன. மைனாவுக்கு இலை வேண்டாம், ஈர மண்ணில் இருக்கும் புழு போதும். அந்தப் புழுவுக்காக நாற்றை வேரோடு பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் போகும். பிடுங்காமல் விட்டதன் கொழுந்தைக் கிள்ளப் புறா வரும். லோகேஸ்வரி பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். பறவைகள் அதில் முகம் பார்த்தனவோ என்னவோ, பயப்படவில்லை. மீன்காரர்களிடம் கிழிந்த வலை வாங்கி மூடினாள். ஓர் உடும்பு உள்ளே மாட்டிக்கொண்டு, வலையையும் நாற்றையும் சேர்த்துச் சுருட்டிக் கால்வாயில் கொண்டுபோய்ப் போட்டது.

பிறகுதான் பொம்மை செய்தாள். பஞ்சு பிதுங்கிய தலையணைதான் தலை. பறவைக்குக் கண்ணைக் கண்டால் பயம் என்று கறுப்பு மார்க்கரால் இரண்டு பெரிய கண். கண்ணுக்குப் பொருத்தமாகக் கறுப்பு ராபியாக் கயிற்றில் மீசை. கணவன் சிவநேசன் போட்டுக் கழித்த காக்கிச் சட்டை உடம்புக்கு. அவன் லோரி ஓட்டுகிறவன். நீளமான சாமான் ஏற்றும்போது பின்னால் கட்டித் தொங்கவிடும் சிவப்புத் துணி ஒன்று சும்மா கிடந்தது, அதைத் தலைப்பாகையாகச் சுற்றிவிட்டாள். கையில், வெயிலில் மின்னட்டும் என்று, தீட்டித் துடைத்த ஒரு பழைய பாராங் கத்தி. மீசையோடு நிறுத்தியிருக்கலாம். எதையும் பாதியில் நிறுத்த அவளுக்குத் தெரியாது.

பொம்மை செய்வது பெரிய காரியமில்லை. அதை நகர்த்துவதுதான் வேலை. ஒரே இடத்தில் நிற்கிற பொம்மையைப் பறவைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும், அப்புறம் அதன் தோளிலேயே உட்கார்ந்து இறகு கோதும். அதனால் லோகேஸ்வரி கேண்டீனுக்குக் கிளம்பும் முன், இருட்டு பிரிவதற்குள் பாத்திக்குப் போய், பொம்மையைப் பிடுங்கி வேறு இடத்தில் நடுவாள். ஒரு நாள் கால்வாய் ஓரம், கிழக்கே பார்த்து. ஒரு நாள் செம்பனை அடியில், வடக்கே பார்த்து. கத்தியை இடக்கைக்கு மாற்றுவாள். மைனாக்கள் வரும், கிளையில் உட்கார்ந்து யோசிக்கும், போய்விடும். நாற்றுகள் வேர் பிடித்தன. அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

இந்த வேலையைக் கவனித்தது மைனா மட்டுமில்லை. தாயம்மா வீட்டுச் சமையலறை ஜன்னல் பாத்தியைப் பார்த்தாற்போல இருந்தது. தாயம்மா பக்கத்து வீட்டுக்காரி, லோகேஸ்வரிக்கு மூத்தவள், நல்ல மனுஷி. அவள் மகன் விமலன் படிப்பு முடிந்தும் வேலை அமையாமல் வீட்டோடு கிடந்தான். அந்தக் கவலையில் ஜன்னலருகே நின்றவள் பார்த்திருக்கிறாள். பெரிய கண், முறுக்கு மீசை, சிவப்புத் தலைப்பாகை, கையில் கத்தி. நேற்றுக் கால்வாய் ஓரம் நின்றவர் இன்று செம்பனையடியில் நிற்கிறார். காவல் முனியேதான். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போய்ச் சூடம் கொளுத்தி, மகனுக்காக வேண்டிக்கொண்டு வந்தாள். மறு வாரம் விமலனுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்துவிட்டது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒரு சாயங்காலம் பாத்திக்குப் போன லோகேஸ்வரி, பொம்மைக்கு முன்னால் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தையும், புகைகிற சுருட்டையும், வாழையிலையில் பொரியையும் பார்த்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்தது தப்பு. அன்றைக்கே கோபப்பட்டிருந்தால் முளையிலேயே போயிருக்கும். சிரித்துக்கொண்டே போய்த் தாயம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“அக்கா, அது எங்க வீட்டுத் தலகாணிக்கா!”

“தெரியும்மா,” என்றாள் தாயம்மா, கொஞ்சமும் அசராமல். “செஞ்சது நீ. வந்தது அவரு.”

“நாந்தான் தெனம் காலையில தூக்கி மாத்தி வைக்கிறேன். நடக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

“உன்ன மாத்தி வைக்கச் சொன்னது யாரு? சொல்லு பாப்போம்.”

  லோகேஸ்வரி வீட்டுக்குத் திரும்பியபோது சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

சேதி லயம் முழுக்கப் பரவியது, லயம் தாண்டி அடுத்த தோட்டத்துக்கும் போயிற்று. பொரி வந்தது, பொங்கல் வந்தது, உரித்த வாழைப்பழம் வந்தது. விசேஷம் என்று கேள்விப்பட்டால் மைனா வராமல் இருக்குமா? முன்பு பொம்மைக்குப் பயந்து பறந்தவை இப்போது கூட்டமாக இறங்கின. பொரியைத் தின்றுவிட்டு, வந்த வழியில் நாற்றையும் பிடுங்கிப் போட்டன. போதாததற்கு, சாமி ஆடாமல் நிற்கட்டும் என்று யாரோ காலடியில் செங்கல் அடுக்கி இறுக்கிவிட்டார்கள். இனி அதை நகர்த்த முடியாது. ஒரு காலையில் லோகேஸ்வரி போய்ப் பார்த்தபோது, ஒரு மைனா தலைப்பாகை மேல் உட்கார்ந்து, அங்கேயே எச்சமும் போட்டுக்கொண்டிருந்தது. பாத்தியில் பாதிக்கு மேல் வெறும் மண். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து, வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த விதையை எல்லாம் தட்டுகளில் போட்டுக் குளியலறை ஓரத்து நிழலில் வைத்தாள்.

அந்த நாற்றுகள் நாலு இலை விட்ட சமயத்தில் ஐயாவு வந்தார். ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய மண்டோர், இப்போது கோயில் கமிட்டித் தலைவர். மரியாதையாகப் பேசுவார், பேசியே காரியத்தை முடித்துவிடுவார்.

“லோகா, நீ குடுத்து வச்சவம்மா. யாருக்குக் கெடைக்கும் இந்தப் பாக்கியம்? வர்ற வெள்ளிக்கெழம மேடை கட்டி, மேல ஜிங்குத் தகரம் போட்டுடலாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோம். சுத்தி நாலு பக்கமும் சிமெண்டு.”

“நாலு பக்கமும் சிமெண்டு போட்டா என் பாத்தி எங்க மாமா இருக்கும்?”

“கோஸ் பாசார்ல கெடைக்கும் லா. சாமி கெடைக்குமா?”

“சாமி கோயில்ல இருக்கு மாமா. வருஷா வருஷம் பால்குடம் எடுக்கிறவ நானு, எனக்குத் தெரியாதா? இது தலகாணி.”

ஐயாவு புன்னகை மாறாமல், “அந்த எடம் உன் பேர்லயா இருக்கு?” என்றார்.

அந்தக் கேள்வி எங்கே குத்துமோ அங்கே குத்திற்று. நிலம் செம்பனைத் தோட்டத்துக்காரனுடையது, அவள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. “லாலான் வெட்டுறப்ப எடம் யாருதுன்னு ஒருத்தரும் வந்து கேக்கலியே மாமா,” என்றாள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கணவனாவது பக்கம் நிற்பான் என்று பார்த்தால், சிவநேசன் ஊராரைவிடப் பயந்திருந்தான். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நீண்ட பயணம் கிளம்பாத ஆள் அவன்.

“வேணாம் லோகா. நான் ரோட்டுல ஓடுறவன். நீ பாட்டுக்கு எதையாவது செஞ்சு வச்சிட்டு, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா?”

அதில் பொய் இல்லை, நிஜமான பயம். அவளுக்கும் அது புரிந்தது. பிறகு அவனே குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னான். “வெள்ளிக்கெழம எல்லாரும் நிக்கிறப்ப நீ சாமி வந்து ஆடு. ‘எனக்கு இந்த எடம் வேணாம்டா, என்னை ஆலமரத்தடிக்குக் கொண்டு போங்கடா’ன்னு ஒரு சத்தம் போடு. ஐயாவு அண்ணன் மறுபேச்சு பேசாம தூக்கிட்டுப் போயிடுவாரு. உனக்கும் எடம் கெடைக்கும், எவனுக்கும் மனஸ்தாபம் இல்ல.”

நடக்கக்கூடிய யோசனைதான். அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. நாற்றுத் தட்டுகளுக்கு ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்து முடித்தாள்.

“வேணாங்க,” என்றாள். “அப்படிச் செஞ்சா அது சாமி எனக்கு விட்டுக் குடுத்த எடம் ஆயிடும். நான் வெட்டுன எடமாவே எனக்கு வேணும்.”

வெள்ளிக்கிழமை கேண்டீன் வேலை முடிந்து, உடுப்பு மாற்றாமல், நாற்றுத் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே பாத்திக்குப் போனாள். லயமே அங்கே கூடியிருந்தது. வரப்போரம் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. சிமெண்டு மூட்டை, மணல், கரண்டி, தாம்பாளத்தில் பொரி, பழம், தேங்காய். ஐயாவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். லோகேஸ்வரி காலில் சிலிப்பரோடு உள்ளே இறங்கினாள்.

“ஏம்மா, செருப்பு!” என்று யாரோ கத்தினார்கள்.

“என் தோட்டத்துக்கு நான் எப்பவும் செருப்போடதான் வருவேன்.”

தட்டை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. யாரும் வந்து தடுக்கவில்லை. தடுக்க வேண்டியது தாங்கள் இல்லை, சாமியே பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தார்கள். பயமே இல்லை என்று சொன்னால் பொய். முனிக்குப் பயந்து வளர்ந்த பெண்தான் அவளும். மார்க்கரால் தானே வரைந்த கண்ணை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் ஒரு தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பொம்மையின் சட்டைப் பித்தானைக் கழற்றினாள்.

“இது எங்க வீட்டுக்காரர் சட்ட. நல்லாப் பாத்துக்குங்க, கக்கத்துல நான் தெச்ச தையல். இது நித்தியா படுத்த தலகாணி.”

“வேணாம்டி லோகா, அவரு சும்மா விட மாட்டாரு!” தாயம்மா வாய்விட்டு அழுதாள். “என் புள்ளைக்கு வழி காட்டுனவருடி!”

“விமலன் இன்டர்வியூக்குப் போனான்க்கா, அதனால கெடைச்சது. உன் புள்ள கெட்டிக்காரன். அத ஏன் என் தலகாணிக்குக் குடுக்கிற?”

பேசிக்கொண்டே தடியைப் பிடித்து இழுத்தாள். பொம்மை சாய்ந்தது. அதன் கையில் கட்டியிருந்த பாராங் கத்தி நழுவி நேரே அவள் காலில் விழுந்து, சிலிப்பர் வாருக்கு மேலே புறங்காலைக் கீறிற்று. ரத்தம் வழிந்து மண்ணில் இறங்கியது.

 எல்லாரும் எதிர்பார்த்தது நடந்துவிட்டது. ஐயாவு கண்ணை மூடிக் கைகூப்பினார். தாயம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். லோகேஸ்வரி தன் காலைப் பார்த்தாள். வலி உச்சிக்கு ஏறியது. ஒரு கணம் அவளும் நம்பிவிட்டாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பக்கத்தில் தட்டில் நாற்றுகள் வெயிலில் துவண்டுகொண்டிருந்தன.

“கத்தி விழுந்தா ரத்தம் வரும் மாமா,” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. “உங்க கால்ல விழுந்தாலும் வரும்.”

பொம்மையின் தலையிலிருந்து சிவப்புத் துணியை உருவினாள். உதறினாள். எச்சம் படாத பக்கமாகப் பார்த்துக் காலைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். சாமி தலையில் இருந்த துணி காலுக்குப் போனதைப் பார்த்து யாரோ “ஐயையோ” என்றார்கள். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, விரலால் குழி பறித்து, முதல் நாற்றை நட்டாள். மண்ணை அணைத்தாள். அடுத்ததை நட்டாள்.

ஆட்கள் அசையாமல் நின்றதில் மைனாக்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒன்று தாம்பாளத்தில் இறங்கியது, பின்னாலேயே நாலைந்து. பொரியைக் கொறித்துவிட்டு ஒன்று புதிதாக நட்ட நாற்றை நோக்கித் தத்தித் தத்தி வந்தது.

“சும்மா நிக்கிறீங்களே, அத வெரட்டுங்க லா!” என்று கத்தினாள் லோகேஸ்வரி.

யாரும் நகரவில்லை. ஐயாவு வேட்டியை இறக்கிவிட்டார், சிமெண்டு மூட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், “ஏதாச்சும் ஆச்சுன்னா கமிட்டியில வந்து கேக்காத,” என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் பின்னால் கொஞ்சம் பேர் போனார்கள். மைனா நாற்றின் பக்கத்தில் வந்து கழுத்தைச் சாய்த்தது. “ச்சூ!” என்று ஒரு சத்தம். தாயம்மா. கன்னத்தில் கண்ணீரோடு, இரண்டு கையையும் தட்டிக்கொண்டு, “ச்சூ! போ சனியனே!” என்று துரத்திக்கொண்டு ஓடினாள்.

சிவநேசன் அதுவரை தூரத்தில் லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன், மனைவி காலில் நனைந்துகொண்டிருந்த துணியைப் பார்த்து வேகமாக வந்தான். வரப்புக்கு வந்ததும் நின்றான். குனிந்து, செருப்பைக் கழற்றினான்.

லோகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

“செருப்ப மாட்டிக்கிட்டு வாங்க,” என்றாள். “உள்ள முள்ளு கெடக்கு.”

அவன் கழற்றின செருப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு காலை நுழைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, தட்டை அவள் கைக்கு இன்னும் கிட்டத்தில் நகர்த்தி வைத்தான்.